சாதிலிங்கக் கல்லை வீட்டில் வைத்திருக்கலாமா?

#1 · கல்தேடி

வணக்கம் நண்பர்களே. பழைய சேகரிப்பாளர் ஒருவர் தன் கற்களைப் பிரித்துக் கொடுத்தபோது எனக்கு ஒரு சாதிலிங்கக் கல், அதாவது பாதரசத் தாது, வந்தது. உள்ளங்கை அளவுதான், ஆனால் அந்த அளவுக்குப் பொருந்தாத கனம். ஒரு பக்கம் ரத்தச் சிவப்பு, சில இடங்களில் கருஞ்சிவப்பு. டப்பாவில் ஒட்டிய சீட்டில் "அல்மதேன், ஸ்பெயின்" என்று எழுதியிருக்கிறது. டப்பாவின் அடியில் சிவப்புத் தூள் கொஞ்சம் உதிர்ந்து கிடக்கிறது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் பாதிப் பேர் தொட்டாலே ஆபத்து என்கிறார்கள், மீதிப் பேர் சும்மா ஒரு கல்தான் என்கிறார்கள். இதற்கு நடுவில் எங்கள் பெரியப்பா, "லிங்கம் என்கிற சாதிலிங்கம்தானே, மருந்தில் சேர்க்கிற சரக்குதானே, அதற்கு ஏன் இவ்வளவு பயம்" என்கிறார். வைத்துக்கொள்ளலாமா? வைத்தால் எப்படி வைப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · பாறைவாசி

நல்ல கல் கிடைத்திருக்கிறது. முதலில் அது சாதிலிங்கம்தானா என்று உறுதி செய்துகொள்வோம். பாதுகாப்பு பற்றிப் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாதிலிங்கம் என்பது பாதரச சல்பைடு. ஒரு பாதரச அணுவும் ஒரு கந்தக அணுவும் சேர்ந்தது. பாதரச அணு அவ்வளவு கனமானது என்பதால், சுத்தமான சாதிலிங்கத்தின் எடையில் 86% பாதரசம்தான். அடர்த்தி தண்ணீரைப் போல எட்டு மடங்கு, அதாவது இரும்பை விடவும் கொஞ்சம் அதிகம். நீங்கள் சொன்ன அந்தக் கனம் இங்கிருந்துதான் வருகிறது. கடினம் மோஸ் அளவில் 2 முதல் 2.5 வரை. நகத்தாலேயே கீறல் விழும், அதனால்தான் டப்பாவில் தூள் உதிர்கிறது. மெருகிடாத பீங்கானில் உரசினால் பளிச்சென்ற சிவப்புக் கோடு விழும். ஆனால் வீட்டில் உரசிப் பார்க்க வேண்டாம், இருக்கிற தூளே போதும். நல்ல படிகமாக இருந்தால் அதன் பளபளப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒளியை வளைப்பதில் வைரத்தையே மிஞ்சும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, இதற்கு 2.9க்கு மேல்.

இதோடு குழப்பிக்கொள்ளும் கற்கள் சில உண்டு. மனோசிலை சிவப்பாக இருந்தாலும் உரசினால் ஆரஞ்சு மஞ்சள் கோடு விழும், இவ்வளவு கனமும் இருக்காது. அது ஆர்செனிக் தாது, அதற்கு வேறு விதிகள். ஹேமடைட் என்ற இரும்புத் தாது நகத்தில் கீறுப்படாத அளவுக்குக் கெட்டி. குப்ரைட் என்ற செம்புத் தாதும் கனம்தான், ஆனால் அதுவும் இதைவிடக் கெட்டி.

கருஞ்சிவப்பு இடங்களைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். வெளிச்சம் பட்டால் சாதிலிங்கம் கறுக்கும். அதே பாதரச சல்பைடு வேறு படிக அமைப்பில் கறுப்பாகவும் இருக்கும், அதை மெட்டாசின்னபார் என்பார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். சீட்டை அப்படியே நம்பாதீர்கள். சந்தையில் கிடைக்கிற அழகான சிவப்புப் படிகங்களில் பெரும்பாலானவை சீனாவின் குய்சோ, ஹுனான் பக்கத்துச் சுரங்கங்களில் எடுத்தவை. அவை வெள்ளை டோலமைட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அல்மதேன் தாது அப்படி இருக்காது. சாம்பல் நிறக் குவார்ட்சைட் பாறையின் இண்டு இடுக்கெல்லாம் சிவப்பு ஊறியிருக்கும். உங்கள் கல் அல்மதேன் கல்தான் என்றால் ஒரு லென்ஸ் எடுத்து அதன் குழிகளைப் பாருங்கள். அந்தச் சுரங்கத்தின் கற்களில் தனிப் பாதரசம் சின்னச் சின்ன வெள்ளித் துளிகளாக ஒட்டியிருப்பது வழக்கம். துளி இருந்தால் சொல்லுங்கள், அப்போது பேச்சே வேறு.

#3 · மலைச்சாரல்

என் கருத்து நேரடியானது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பாதரசம் எந்த உருவிலும் வேண்டாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது, அந்த மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு எத்தனை ஆண்டு இழுத்தது என்று எங்கள் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். இன்றே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

#4 · வேதியியல்_டீச்சர்

மலைச்சாரல், உங்கள் கவலை நியாயமானது. ஆனால் குப்பையில் மட்டும் போட வேண்டாம். நம் ஊர்க் குப்பை கடைசியில் எங்கே போகிறது? கிடங்கில் சேர்ந்து கோடையில் தீப்பற்றும், இல்லையென்றால் தெருமுனையிலேயே கொளுத்திவிடுவார்கள். சாதிலிங்கத்துக்கு நேரக்கூடாத ஒரே விஷயம் நெருப்பு. அலமாரியில் பெரிய தொல்லை தராமல் இருந்த கல்லை நாமே நெருப்புக்கு அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும்.

பாதரசம் என்ற ஒரு பெயருக்குள் குணத்தில் சம்பந்தமே இல்லாத பல பொருள்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் கல்தேடி கேட்ட கேள்விக்கு இணையத்தில் இரண்டு விதப் பதில் வருகிறது.

முதலில் உலோகப் பாதரசம், தெர்மாமீட்டரில் இருக்கிற திரவம். கொடைக்கானலில் நடந்தது இதனால்தான். இதை விழுங்கினால் கிட்டத்தட்ட முழுவதும் அப்படியே வெளியே வந்துவிடும், உடலில் சேர்வது மிகமிகக் குறைவு. ஆனால் இது சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுவாசித்தால் அதில் ஏறக்குறைய 80% ரத்தத்தில் சேர்ந்துவிடும். அங்கிருந்து மூளைக்குப் போகும், கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியையும் தாண்டும்.

அடுத்தது மெத்தில் பாதரசம். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளியே தெரியவந்த நோய்க்குக் காரணம் இதுதான். தொழிற்சாலைக் கழிவோடு கடலில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனைத் தின்ற மனிதரிடம் வந்தது.

அப்புறம் பாதரச உப்புகள். இதிலும் ஒரே குணம் கிடையாது. வீரம் என்று நாட்டு மருந்தில் சொல்கிற பாதரசக் குளோரைடு தண்ணீரில் நன்றாகக் கரையும், கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. சாதிலிங்கம் இதற்கு நேர் எதிர். உலகில் மிகக் குறைவாகக் கரையும் பொருள்களில் இதுவும் ஒன்று. சாதாரண அமிலங்கள் இதைத் தொடாது, தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகம் வேண்டும். பாதரசமும் கந்தகமும் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பிடியை விடுவிப்பது சூடு. காற்றில் வைத்துக் காய்ச்சினால் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சல்பர் டை ஆக்சைடாகப் பிரியும், பாதரசம் தனி ஆவியாக எழும். பல நூற்றாண்டுகளாகப் பாதரசம் எடுத்த முறையே இதுதான். ஆகவே கல்தேடி, கல் கல்லாக இருக்கிறவரை பயப்பட அதிகம் இல்லை. தூளாகி மூச்சில் போகாமலும், சூடு படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

#5 · சித்த_அன்பன்

நான் சித்த மருத்துவம் முறையாகப் படித்துத் தொழில் செய்கிறவன். கல்தேடியின் பெரியப்பா சொன்னதில் பாதி சரி. லிங்கம் எங்கள் மருந்துகளில் சேர்கிற சரக்குதான், லிங்கச் செந்தூரம் போன்றவை உண்டு. லிங்கத்திலிருந்து வாலை ரசம், அதாவது வடித்தெடுத்த பாதரசம், இறக்குகிற முறையும் நூல்களில் இருக்கிறது. ஆனால் எந்த நூலும் கடையில் வாங்கிய லிங்கத்தை அப்படியே சாப்பிடச் சொல்லவில்லை. சுத்தி செய்யாத சரக்கை எங்கள் மரபே நஞ்சு என்றுதான் சொல்கிறது. எலுமிச்சம்பழச் சாறு, பால், குப்பைமேனிச் சாறு என்று சுருக்குக் கொடுத்து, அதாவது சூட்டில் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுச் சுத்தி செய்து, அதன் பிறகு மருந்தாக முடித்து, அளவு, அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது), பத்தியம், எத்தனை நாள் என்று எல்லாம் வரையறுத்துத்தான் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட சரக்கு சேர்ந்த மருந்தின் உறையில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. சிலர் லிங்கக் கட்டியை வாங்கித் தணலில் போட்டுப் புகை பிடிக்கிறார்கள். புண்ணுக்கு, மூலத்துக்கு, இன்னும் என்னென்னவோவுக்கு. யாரோ சொன்னதைக் கேட்டு மூடிய அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். டீச்சர் சொன்னதைப் படித்தால் அதற்குள் என்ன நடக்கிறது என்று புரியும். சுத்தி, அளவு, அனுபானம் ஒன்றுமே அங்கே கிடையாது, நெஞ்சுக்குள் நேராகப் பாதரச ஆவி போகிறது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், செய்கிறவர்களைத் தடுங்கள்.

#6 · சிறுநீரக_மருத்துவர்

வைத்தியர் ஐயா புகையைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அதில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் இரண்டு இடங்களில் நான் வேறுபடுகிறேன்.

முதலாவது, கரையாது என்றால் உடலில் சேரவே சேராது என்று பொருள் இல்லை. குறைவாகச் சேரும், அவ்வளவுதான். ஒரு தடவை விழுங்கிய துணுக்கு அப்படியே வெளியேறிவிடலாம். மாதக்கணக்கில் தினமும் உள்ளே போவது வேறு கணக்கு. சேர்கிற பாதரசம் தங்குகிற முக்கிய இடம் சிறுநீரகம். நெல்-1 (NELL-1) என்ற புரதத்தோடு தொடர்புள்ள ஒரு சிறுநீரகச் சவ்வு நோய் உண்டு. சிறுநீரில் புரதம் கொட்டும், கால் வீங்கும். பாரம்பரிய மருந்துகளை உட்கொண்ட நோயாளிகள் பலரிடம் இந்த நோய் இருந்ததையும், அந்த மருந்துகளில் பாதரசம் இருந்ததையும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கேரளத்தில் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்களிடமும் இதே நோய் கண்டறியப்பட்டது. கிரீமில் இருக்கும் பாதரசம் சாதிலிங்கம் இல்லை, வேறு உப்புகள். ஆனால் சிறுநீரகத்தில் வந்து நிற்கும் நோய் ஒன்றுதான். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பொருளை நிறுத்திய பிறகு நோய் மெல்லத் தணிந்தது என்பது நல்ல செய்தி.

இரண்டாவது, சுத்தி செய்தால் பாதரசம் போய்விடாது. பாதரசம் ஒரு தனிமம், எந்தச் சாறும் அதை வேறொன்றாக மாற்றாது. மற்ற மாசுகள் நீங்கலாம், துகளின் அளவு மாறலாம். அதனால் இப்படிப்பட்ட மருந்து எடுக்கிறவர்கள் இடையிடையே சிறுநீர்ப் புரதமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

#7 · சித்த_அன்பன்

டாக்டர், இதை நான் எதிர்க்கப் போவதில்லை. ரசம் சேர்ந்த மருந்து கொடுப்பதற்கு முன்பும் பிறகும் நான் சிறுநீர்ப் பரிசோதனை எழுதித்தான் கொடுக்கிறேன். சுத்தியின் பயன் மாசு நீக்குவது மட்டும்தான் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, ஆனால் அது இந்த இழைக்கு வெளியே போய்விடும். மருந்து தயாரிக்கிறவருக்கு ஒரு சொல் மட்டும்: சுருக்குக் கொடுக்கும்போதும் சரக்கில் சூடு படுகிறது. திறந்த வெளியில், காற்றின் போக்கைப் பார்த்து நின்று செய்ய வேண்டிய வேலை அது. வீட்டு அடுப்பங்கரையில் அதற்கு இடமே இல்லை.

#8 · புதுப்பயணி

யூடியூபில் ஒரு வெளிநாட்டுக்காரர் இந்தக் கல்லை இடித்து, குழாயில் போட்டுச் சூடாக்கி, தண்ணீரில் குளிரவைத்துப் பாதரசம் எடுத்தார். பார்க்கவே அருமையாக இருந்தது. மொட்டை மாடியில் செய்து பார்க்கலாமா? கொஞ்சமாகத்தான்.

#9 · வேதியியல்_டீச்சர்

வேண்டாம் தம்பி. கொஞ்சமாகக்கூட வேண்டாம். ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன்.

வேலையிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.025 மில்லிகிராமுக்கு மேல் பாதரச ஆவி இருக்கக் கூடாது என்பது பல இடங்களில் பின்பற்றுகிற வரம்பு. ஒரு கிராம் பாதரசம் என்றால் கண்ணுக்கு ஒரு சின்னத் துளிதான். அது முழுவதும் ஆவியானால் 40,000 கன மீட்டர் காற்றை அந்த வரம்பு வரை நிரப்பும். ஒரு சாதாரணப் படுக்கையறை 30 கன மீட்டர். 20 டிகிரி வெப்பத்தில் சும்மா திறந்து கிடக்கிற பாதரசமே மூடிய இடத்தின் காற்றை ஒரு கன மீட்டருக்குப் பதின்மூன்று, பதினான்கு மில்லிகிராம் வரை நிறைத்துவிடும். வரம்பைப் போல ஐந்நூறு மடங்கு அது. நீ செய்ய நினைப்பதோ நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில்.

மாடியில் செய்தால் காற்றோடு போய்விடும் என்று தோன்றும். எல்லாம் போகாது. குழாயின் இடுக்கில் கசிந்தது உன் முகத்துக்கு நேராக வரும். குளிர்ந்தது சட்டையிலும் முடியிலும் தரையிலும் படியும், அங்கிருந்து நாள்கணக்கில் மறுபடி எழும். வீட்டில் தாது சூடாக்கியோ, தங்கமும் பாதரசமும் சேர்ந்த ரசக்கலவை சூடாக்கியோ சுவாசித்தவர்களுக்கு முதலில் இருமலும் காய்ச்சலும்தான் வரும், சளிக் காய்ச்சல் என்று படுத்துவிடுவார்கள். நுரையீரல் கெட்டு உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. சிலவற்றில் சூடாக்கியவரோடு அதே வீட்டில் இருந்தவர்களும் போயிருக்கிறார்கள்.

#10 · ஏடு_புரட்டி

டீச்சர் சொன்ன அந்தச் சூடாக்கும் வேலையை ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்தார்கள். கல்தேடி கையில் இருக்கிற கல்லின் ஊரையே எடுத்துக்கொள்வோம்.

அல்மதேன் சுரங்கம் ரோமர்கள் காலத்திலிருந்தே ஓடியது. அப்போது அவர்களுக்கு வேண்டியது பாதரசத்தை விடச் சிவப்புச் சாயம்தான். சாதிலிங்கம் அரைக்கிற வேலையாட்கள் தூளைச் சுவாசிக்காமல் இருக்க மிருகச் சவ்வால் முகத்தை மூடிக்கொண்டார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். முதல் நூற்றாண்டிலேயே அபாயம் தெரிந்திருக்கிறது. தெரிந்தபடியேதான் மேற்கொண்டு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் விஷயம் பெரிதானது. 1554இல் மெக்சிகோவின் பச்சுகாவில் பர்தலோமே தெ மெதினா, வெள்ளித் தாதோடு பாதரசம் கலந்து வெள்ளி பிரிக்கும் முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். அதன் பிறகு பாதரசம் இல்லாமல் வெள்ளி இல்லை என்ற நிலை. அல்மதேன் அப்போது ஃபுகர் என்ற ஜெர்மன் வணிகக் குடும்பத்தின் குத்தகையில் இருந்தது. கூலிக்கு ஆள் போதாதபோது ஸ்பெயின் அரசு கைதிகளை அனுப்பியது. 1593இல் மத்தேயோ அலெமான் என்ற அதிகாரி போய்க் கைதிகளிடம் வாக்குமூலம் வாங்கினார். உலைக்களத்தில் சூடு ஆறுவதற்குள் பானைகளைத் திறந்து சாம்பல் கிளறியவர்கள்தான் எல்லாரையும் விட மோசமாக நடுங்கினார்கள், புத்தி பேதலித்தார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. கல்லை வெட்டுகிறவரை விடக் கல்லைக் காய்ச்சுகிறவருக்கு ஆபத்து அதிகம் என்பதற்கு நானூறு ஆண்டுக்கு முந்தைய சாட்சி.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பெருவில் வாங்கவெலிக்கா. ஆண்டிஸ் மலையில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், 1560களில் ஸ்பானியர் கைக்கு வந்த சுரங்கம். வைசிராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ மித்தா என்ற முறையில் சுற்றுவட்ட ஊர்களிலிருந்து பூர்வகுடி மக்களை முறை வைத்து இழுத்துவந்தார். சாவுச் சுரங்கம் என்று பெயர் வாங்கிய இடம் அது. முறை வருகிற ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாக ஓடிப்போனவர்கள் உண்டு. இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி மலையின் வெள்ளி ஐரோப்பாவுக்கும், அங்கிருந்து சீனா, இந்தியா வரைக்கும் பாய்ந்தது. அந்த வெள்ளியைப் பிரித்த பாதரசம் வாங்கவெலிக்காவின் உலையிலிருந்து வந்தது. இன்றும் அந்த ஊரில் பழைய உலைக்களத்து மண்ணைப் பிசைந்து கட்டிய வீடுகளின் சுவரில் பாதரசம் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். மக்கள் அதற்குள்தான் வாழ்கிறார்கள்.

மூன்றாவது, இன்றைய ஸ்லோவேனியாவின் இத்ரியா. 1490இல் மரத்தொட்டி செய்கிற ஒருவர் ஓடையில் தொட்டியை ஊறப்போட்டபோது அடியில் பாதரசம் சேர்ந்திருந்தது என்பது ஊர்க்கதை. இங்கே கொஞ்சம் அறிவு வேலை செய்தது. 1665இல் சுரங்க வேலை நேரத்தை ஆறு மணியாகக் குறைத்தார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்காக வேலை நேரம் குறைத்ததற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் இதைச் சொல்வார்கள். 1754இல் அங்கே சுரங்க மருத்துவராகச் சேர்ந்த ஸ்கோபோலி, நடுக்கம், எச்சில் ஒழுகுதல், ஈறு அழுகுதல் என்று தொழிலாளர் நோயை உட்கார்ந்து எழுதிவைத்தார்.

இன்று அல்மதேனும் இல்லை, இத்ரியாவும் இல்லை. இரண்டும் மூடி, 2012இல் சேர்ந்தாற்போல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. மனிதர் இதுவரை எடுத்த பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்மதேனிலிருந்து மட்டும் வந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

#11 · பினாங்கு_வாசகி

அப்படியென்றால் இப்போது இந்தத் தாதை யாரும் தோண்டுவதில்லையா?

#12 · ஏடு_புரட்டி

தோண்டுகிறார்கள் அக்கா. மினமாட்டா உடன்படிக்கை 2013இல் கையெழுத்தாகி 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. புதிய பாதரசச் சுரங்கம் திறக்கக் கூடாது, இருப்பதையும் 15 ஆண்டுக்குள் மூட வேண்டும் என்கிறது. இந்தியாவும் 2018இல் அதை ஏற்றது. ஆனால் சிறு அளவில் தங்கம் எடுக்கிறவர்களுக்குப் பாதரசம் வேண்டியிருக்கிறதே. மெக்சிகோவின் சியெரா கோர்தா மலையில் சின்னச் சின்னக் குழிகளில் சாதிலிங்கம் வெட்டி அங்கேயே செங்கல் உலையில் காய்ச்சுகிறார்கள். உங்கள் பக்கத்து நாடான இந்தோனேசியாவில் மலுக்குத் தீவுக்கூட்டத்தின் செராம் தீவில் அனுமதியில்லாமல் வெட்டிய சாதிலிங்கம் பல ஆண்டாகச் செய்தியில் இருக்கிறது. அந்தப் பாதரசம் காட்டுக்குள் தங்கத்தோடு கலந்து மறுபடி சூடாகிறது. உலகில் மனிதர் காற்றில் விடுகிற பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு இந்தச் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்துதான் வருகிறது. ஒரே பாதரசம் இரண்டு முறை தீயைப் பார்க்கிறது, இரண்டு முறையும் பக்கத்தில் நிற்பவர் அந்த ஊரின் ஏழை. சுரங்கத்தை மட்டும் மூடினால் போதாது, தங்கம் வாங்குகிற கடை வரை கேள்வி கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

#13 · வண்ணம்

ஓவியர் பக்கத்திலிருந்து. இதன் சிவப்புக்கு இணையான சிவப்பு எனக்குத் தெரிந்து இல்லை. இயற்கைக் கல்லை அரைத்தாலும், பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துச் செயற்கையாகச் செய்தாலும் கிடைப்பது அதே பொருள்தான். செயற்கையாகச் செய்ததைத்தான் ஐரோப்பிய ஓவியர்கள் வெர்மிலியன் என்றார்கள். சீனாவில் முத்திரை மை, செதுக்கிய சிவப்பு அரக்குப் பெட்டிகள் எல்லாம் இதனால். மாயர்கள் அரசகுலத்தாரின் கல்லறையில் பூசினார்கள். மெக்சிகோவின் பலெங்கேயில் 1994இல் திறந்த சிவப்பு அரசியின் கல்லறையில் உடலெங்கும் இந்தத் தூள் மூடியிருந்தது.

இதன் பெரிய குறை கறுத்துப்போவது. ஃபாபேரியஸ் என்ற எழுத்தர் ரோமில் தன் வீட்டு முற்றத்துச் சுவரை இதனால் பூசினார், முப்பதே நாளில் நிறம் கெட்டு வேறு சாயம் அடிக்க வேண்டியதாயிற்று என்று ரோமக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ் எழுதியிருக்கிறார். மெழுகும் எண்ணெயும் பூசிக் காப்பாற்றுகிற வழியும் அவரே சொல்கிறார். வெளிச்சத்தோடு குளோரைடும் சேர்ந்தால் கறுப்பு வேகமாக வரும் என்று இப்போது கண்டிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் கேட்மியம் சிவப்பு வந்ததும் பெரும்பாலானவர்கள் மாறிவிட்டார்கள். அதுவும் சாதுவான பொருள் இல்லை, ஆனால் நிறம் நிற்கும்.

பழைய வெர்மிலியன் பொடி வைத்திருக்கிறவர்கள் உலர் பொடியாகக் கையாளாதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய சிவப்பு அரக்குப் பெட்டியையும் அப்படித்தான்.

#14 · பினாங்கு_வாசகி

நாம் வைக்கிற குங்குமம் இதுதானா? பயமாக இருக்கிறது.

#15 · வேதியியல்_டீச்சர்

இல்லை அம்மா. முறைப்படி செய்த குங்குமம் மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரம் சேர்ந்து சிவப்பது. மலிவான சிலவற்றில் ஈயச் சிவப்பு கலந்திருப்பதைப் பல நாடுகளில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள், சிலவற்றில் பாதரசமும் இருந்திருக்கிறது. கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சுச் சிவப்பாகவும், கையில் கனமாகவும் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். குழந்தைகளுக்கு வைக்கவே வேண்டாம்.

#16 · கல்தேடி

பாறைவாசி அண்ணா, லென்ஸில் பார்த்தேன். பாறை சாம்பல் நிறம்தான். ஒரு குழிக்குள் குண்டூசித் தலையை விடச் சின்னதாக வெள்ளி மணிகள் தெரிகின்றன. டப்பாவை ஆட்டினால் அடியில் ஒன்று உருள்கிறது. இப்போது என்ன செய்ய?

#17 · பாறைவாசி

அப்படியானால் சீட்டு உண்மை, உங்கள் கையில் இருப்பது நிஜமான அல்மதேன் கல். இனி அதைச் சாதிலிங்கம் என்று பார்க்காதீர்கள், திறந்த தெர்மாமீட்டர் என்று பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

டப்பாவை மேற்கொண்டு ஆட்ட வேண்டாம். மோதிரம், வளையல் கழற்றிவையுங்கள், பாதரசம் பட்டால் தங்கம் கெடும். கையுறை போட்டு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், ஜன்னல் திறந்த அறையில் பெரிய தட்டு ஒன்றின் மேல் வேலை செய்யுங்கள். கல்லை அப்படியே அகலவாய்க் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, ரப்பர் வளையம் உள்ள மூடியால் இறுக்கி மூடுங்கள். உருள்கிற துளியைக் கண் மருந்து சொட்டும் குழாயால் உறிஞ்சி இன்னொரு சின்னப் பாட்டிலில் போட்டு மூடுங்கள். சிவப்புத் தூளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் பழைய டப்பாவையும் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி அதே இடத்தில் வையுங்கள். துடைப்பம் போட்டால் துளி நூறாகச் சிதறும். வாக்குவம் கிளீனர் அதைவிட மோசம், சூட்டோடு அறை முழுக்க ஊதிவிடும்.

ஜாடியின் மேல் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். வெயில் படாத, குளிர்ந்த, பூட்டுகிற இடம் வேண்டும். படுக்கையறை வேண்டாம், சமையலறை கூடாது.

என் யோசனையைக் கேட்டால், இந்தக் கல் மட்டும் உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். பிள்ளைகள் வளர்கிற வீடு. அருகிலுள்ள பல்கலைக்கழகம் அல்லது கல்லூரியின் நிலவியல் துறையில் பேசிப் பாருங்கள். அல்மதேன் மாதிரி நம் நாட்டில் சுலபமாகக் கிடைக்காது, இந்தியாவில் சொல்லும்படியான பாதரசச் சுரங்கமே இல்லை. மாணவர்களுக்குப் பயன்படும். சாதிலிங்கம் வேண்டும் என்ற ஆசை இருந்தால் துளி இல்லாத, டோலமைட் மேல் உள்ள சின்னச் சீனப் படிகம் ஒன்றை மூடிய பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், அதை நானும் வைத்திருக்கிறேன். துளி எடுத்த பாட்டிலையும் துணிப் பையையும் எங்கே ஒப்படைப்பது என்று மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள்.

#18 · மலைச்சாரல்

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். நிலவியல் துறைக்கே போகட்டும். குப்பை வேண்டாம் என்பதை டீச்சர் சொன்ன பிறகு ஏற்கிறேன்.

#19 · கல்தேடி

எல்லாருக்கும் நன்றி. கல் இப்போது ஜாடியில், மாடி அறையில் பூட்டி இருக்கிறது. கல்லூரியில் ஒரு பேராசிரியரிடம் பேசிவிட்டேன், நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். டப்பா இத்தனை நாள் பிள்ளைகள் படிக்கிற அறையில்தான் இருந்தது. அவர்களுக்குப் பரிசோதனை வேண்டுமா டாக்டர்?

#20 · நெல்லைவாசி

நானும் ஒன்று கேட்க வேண்டும். என் மாமனார் மூலத்துக்காக மாதக்கணக்கில் லிங்கப் புகை பிடித்திருக்கிறார், இங்கே படித்த பிறகுதான் விசாரித்தேன். கொஞ்ச நாளாகக் கை நடுங்குகிறது, கையெழுத்து மாறிவிட்டது, சட்டென்று கோபம் வருகிறது. வயசுதானே என்று விட்டுவிட்டோம். என்ன பரிசோதனை செய்வது?

#21 · சிறுநீரக_மருத்துவர்

கல்தேடி, மூடிய டப்பா, மணியளவு துளி என்றால் அதிகம் பயப்பட வேண்டியதில்லை. அறையை நன்றாகக் காற்றோட்டம் விடுங்கள். மன நிம்மதிக்குக் குழந்தை மருத்துவரிடம் சொல்லி ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

நெல்லைவாசி, உங்கள் மாமனாரைக் காத்திருக்க வைக்காதீர்கள். புகையை இன்றே நிறுத்த வேண்டும். அவர் புகை பிடித்த அறையில் வேறு யாரும் படுக்க வேண்டாம், பாயும் போர்வையும் வெளியே போகட்டும். நடுக்கம், எழுத்து மாறுவது, காரணமில்லாத கோபமும் கூச்சமும், தூக்கமின்மை, ஈறு வீக்கம் எல்லாம் பாதரச ஆவியால் வரக்கூடியவை. வேறு காரணத்தாலும் வரலாம், அதனால் நரம்பியல் மருத்துவரும் பார்க்க வேண்டும்.

24 மணி நேரச் சிறுநீரில் பாதரச அளவு, கூடவே சிறுநீர்ப் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் எடுக்கச் சொல்லுங்கள். ரத்தப் பாதரசம் மட்டும் பார்த்தால் மீன் சாப்பிட்டதனாலும் கூடியிருக்கலாம், குழப்பும். சிறுநீரைச் சேகரிக்கும் முன் மருந்து கொடுத்துப் பாதரசத்தை இழுத்துவிட்டு அளக்கிற இடங்கள் சில இருக்கின்றன, அப்படி எடுத்த எண்ணை ஒப்பிட அளவுகோல் கிடையாது, ஒத்துக்கொள்ளாதீர்கள். அளவு அதிகமாக இருந்தால் பாதரசத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து இருக்கிறது, அது மருத்துவமனையில் முடிவு செய்ய வேண்டியது. கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

வீட்டில் லிங்கக் கட்டி மீதி இருந்தால் இறுக்கி மூடிய பாட்டிலில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் பிடித்தார், ஒரு தடவைக்கு எவ்வளவு போட்டார், அறை மூடியிருந்ததா, பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் மாமியார் தணல் எடுத்துக் கொடுத்துப் பக்கத்தில் இருந்தார் என்றால் அவருக்கும் அதே பரிசோதனை வேண்டும்.